செம்புக் கம்பியில் இருப்பது வானத்தில் ஏன் இல்லை

கொஞ்ச நாள் முன்பு பிரபஞ்சவியல் பற்றிய ஒரு பொது உரை கேட்கப் போயிருந்தேன். கேள்வி நேரத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, காஸ்மிக் ஸ்ட்ரிங், அதாவது பிரபஞ்ச இழை, என்று ஒன்று சொல்வார்களே, கேலக்ஸிகள் எல்லாம் அவற்றைச் சுற்றித்தான் திரண்டன என்று ஒரு காலத்தில் நம்பினார்களாமே, அது என்ன ஆயிற்று என்று கேட்டார். நல்ல கேள்வி. பேச்சாளர், "அதை யாருமே பார்த்ததில்லை, பார்க்காத ஒன்றை எத்தனை நாள் நம்பிக்கொண்டிருப்பது, அதனால் கைவிட்டுவிட்டார்கள்" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டு அடுத்தவரைக் கைகாட்டினார். அன்றிலிருந்து அந்த இரண்டு வரி எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் படித்தது உலோகவியல். என் துறையே, யாரும் பார்க்காத ஒன்றை இருபத்திரண்டு வருடம் நம்பியதால் வளர்ந்த துறை. அப்படியிருக்க, பார்க்கவில்லை என்பது ஒரு கொள்கையைக் கைவிடப் போதுமான காரணம்தானா? இல்லை என்றால், அந்த இழைகளை உண்மையில் வீழ்த்தியது எது?

முதலில் என் பக்கத்துக் கதை. ஒரு புதுச் செம்புக் கம்பியை வளைத்துப் பாருங்கள், சுலபமாக வளையும். அதே இடத்தில் திருப்பி நிமிர்த்த முயன்றால் அடம்பிடிக்கும். இன்னும் நாலைந்து தடவை செய்தால் முறிந்துவிடும். எலக்ட்ரீஷியன்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது, ஆனால் இதற்குக் காரணம் தெரிய இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1926இல் யாக்கோவ் ஃப்ரென்கெல் ஒரு கணக்குப் போட்டார். உலோகம் என்பது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகம். ஒரு அடுக்கை அதன் கீழ் அடுக்கின் மேல் மொத்தமாக வழுக்கவைக்க எவ்வளவு விசை வேண்டும்? வந்த விடை மலைக்கவைத்தது. நிஜத்தில் சுத்தமான செம்புப் படிகம் அந்தக் கணக்கில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு விசைக்கே வழுக்கிவிடுகிறது. ஐந்து சதவீதம் பத்து சதவீதம் பிசகு என்றால் எங்கேயோ ஒரு சிறு காரணத்தைச் சொல்லி ஒப்பேற்றலாம். பத்தாயிரம் மடங்கு பிசகை எப்படி ஒப்பேற்றுவது?

1934இல் மூன்று பேர், தனித்தனியாக, ஒரே பதிலுக்கு வந்தார்கள். எகோன் ஒரோவான், மைக்கேல் பொலானி, ஜி. ஐ. டெய்லர். படிகம் ஒழுங்கானதே இல்லை, அதற்குள் ஓர் அணு வரிசை பாதியில் நின்றுபோன இடங்கள் கோடு கோடாக ஓடுகின்றன, வழுக்கல் நடப்பது அந்தக் கோடு நகர்வதால்தான் என்றார்கள். கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அசையாது. ஒரு பக்கம் சின்ன மடிப்பு உண்டாக்கி அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டே போனால் முழு ஜமக்காளமும் நகர்ந்துவிடும். அந்த மடிப்புதான் டிஸ்லொகேஷன். கம்பி வளைவது அது நகர்வதால். கம்பி அடம்பிடிப்பது, வளைக்க வளைக்க இந்தக் கோடுகள் பெருகி ஒன்றையொன்று வழிமறிப்பதால். எவ்வளவு பெருகும் என்பது நான் படித்த காலத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட எண். நன்றாக அடித்து இறுக்கிய செம்பில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் டிஸ்லொகேஷன் கோடுகளை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து நீட்டினால் பத்து லட்சம் கிலோமீட்டர் வரும். சந்திரனுக்குப் போய்த் திரும்பி, அதற்கு மேலும் மிச்சம் இருக்கும். ஒரு சுண்டுவிரல் நுனி அளவு உலோகத்துக்குள்!

இதை 1934இல் யாரும் பார்க்கவில்லை, பார்க்கக் கருவியும் இல்லை. நம்பாத உலோகவியலாளர்கள் நிறைய பேர் இருந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாட்சிகள் பக்கவாட்டிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. படிகங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்வதற்கு ஒரு திருகு வகை டிஸ்லொகேஷன்தான் காரணம், அப்படியானால் படிகத்தின் முகத்தில் சுருள் சுருளாகப் படிகள் தெரிய வேண்டும் என்று பிரிஸ்டலில் சார்லஸ் ஃப்ராங்க் 1949இல் சொன்னார். அடுத்த வருடமே பெரில் படிகத்தில் சுருள் தெரிந்தது. 1951இல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த அஜித் ராம் வர்மா சிலிக்கன் கார்பைடு படிகங்களில் எடுத்த சுருள் படங்கள் இன்றும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல அழகானவை. அவர்தான் பிறகு டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்குத் தலைவரானவர். 1952இல் பெல் ஆய்வகத்தில் முடியைவிட மெல்லிய வெள்ளீய இழைகளை வளைத்துப் பார்த்தார்கள். அந்த இழைகளுக்குள் டிஸ்லொகேஷன் கிட்டத்தட்ட இல்லை. அவை ஃப்ரென்கெலின் கணக்கை நெருங்கும் வலிமையைக் காட்டின. எதைக் கோளாறு என்றார்களோ அது இல்லாத இடத்தில் பழைய கணக்கு சரியாகிவிட்டது! கடைசியில் 1956இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஹிர்ஷ், ஹார்ன், வீலன் மூவரும் அலுமினியத் தகட்டை எலக்ட்ரான் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கி நுண்ணோக்கியில் வைத்தபோது, கோடுகள் கண்ணெதிரே நகர்ந்தன. ஜெனீவாவில் பால்மேன் அதே வருடம் எஃகில் பார்த்தார்.

ஆக, பார்க்காமல் இருபத்திரண்டு வருடம். அதனால்தான் அந்தப் பேச்சாளரின் பதில் எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை.

சென்னையில் பிறந்த ஒருவர்

பிரபஞ்ச இழைகளைப் பற்றி 1976இல் எழுதியவர் டாம் கிபிள். லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர், ஹிக்ஸ் துகள் விவகாரத்தில் 1964இல் எழுதப்பட்ட முக்கியமான கட்டுரைகளில் ஒன்றின் ஆசிரியர்களில் ஒருவர். அவர் 1932 டிசம்பரில் பிறந்தது சென்னையில். அப்பா மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், புள்ளியியலில் பெயர் பெற்றவர். மகனின் பள்ளிப்படிப்பு தொடங்கியதும் இங்கேதான். இது நம் ஊரில் இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கிபிள் கேட்ட கேள்வியை வார்ப்படத் தொழில் தெரிந்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றினால் அது ஒரே படிகமாக உறைவதில்லை. பல இடங்களில் தனித்தனியாக உறையத் தொடங்கும், ஒவ்வொரு இடத்திலும் அணு அடுக்கு ஒவ்வொரு திசை பார்த்திருக்கும், இந்தத் துண்டுகள், அதாவது கிரெயின்கள், வளர்ந்து வளர்ந்து சந்திக்கும் இடத்தில் பொருந்தாமல் எல்லைக்கோடு விழும். கல்லூரியில் பித்தளைத் துண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அமிலத்தில் நனைத்து, நுண்ணோக்கியில் முதல்முறை அந்த எல்லைகளைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. கிபிள் இதே மாதிரி ஒரு நிலைமாற்றத்தைப் பிரபஞ்சத்துக்கு யோசித்தார். பிரபஞ்சம் தொடக்கத்தில் மிகமிகச் சூடாக இருந்து குளிர்ந்து வந்தபோது, ஹிக்ஸ் புலம் போன்ற ஒரு புலம் ஏதோ ஒரு திசையைத் தேர்ந்தெடுத்து நிலைகொள்ள வேண்டியிருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே திசையைத் தேர்ந்தெடுக்குமா? முடியாது, ஏனென்றால் ஒளி போய்ச் சேர நேரம் கிடைக்காத தூரத்தில் இருக்கும் இரண்டு இடங்கள் ஒன்றையொன்று கலந்துகொள்ள வழியே இல்லை. அங்கங்கே ஒரு திசை விழும். சில இடங்களில் சுற்றிவரத் திசைகள் முழு வட்டமடித்து, நடுவில் எந்தத் திசையும் பொருந்தாமல் ஒரு கோடு மாட்டிக்கொள்ளும். அந்தக் கோட்டுக்குள் பழைய சூட்டுக் காலத்து ஆற்றல் அப்படியே சிறைப்பட்டிருக்கும். அதுதான் பிரபஞ்ச இழை. (இழைக் கொள்கை என்று துகள் இயற்பியலில் பேசுகிறார்களே, அது வேறு.)

செம்பில் நடப்பதும் இதுவும் அச்சு அசல் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் ஒட்டு ரொம்ப ஆழமானது. டிஸ்லொகேஷன் கோடு படிகத்தின் நடுவில் சும்மா முடிந்துபோக முடியாது, ஒன்று மேற்பரப்புக்கு வர வேண்டும், அல்லது வளையமாகத் தன்னிலேயே மூடிக்கொள்ள வேண்டும். பிரபஞ்ச இழைக்கும் அதே விதி, மேற்பரப்பு என்ற ஒன்று அங்கே கிடையாது என்பதால் முடிவில்லாமல் நீள வேண்டும் அல்லது வளையமாக வேண்டும். இன்னொன்று. ஒரு திடப்பொருளிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டியெடுத்து விளிம்புகளை ஒட்டினால் உள்ளே என்ன இறுக்கம் உண்டாகும் என்று இத்தாலியக் கணிதவியலாளர் வோல்டேரா 1907இல் கணக்கிட்டார். படிகக் குறைகளின் கணிதமே அங்கிருந்து தொடங்குகிறது. இழையைச் சுற்றியுள்ள வெளியும் அப்படித்தான் இருக்கும் என்கிறது பொதுச் சார்பியல், ஒரு சின்ன ஆப்பு காணாமல்போன வெளி. அதனால் இழைக்குப் பின்னால் இருக்கும் ஒரு கேலக்ஸி நமக்கு இரண்டாகத் தெரிய வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் செல்டோவிச்சும் விலென்கினும் அடுத்த அடியை எடுத்துவைத்தார்கள். இந்த இழைகளின் ஈர்ப்பு, சுற்றியுள்ள பொருளை இழுத்துத் திரட்டியிருக்கலாம், கேலக்ஸிகளுக்கு விதை அதுவாக இருக்கலாம். அதற்கு எவ்வளவு எடை வேண்டும் என்று கணக்குப் போட்டால், நாலரை கிலோமீட்டர் நீளமுள்ள இழை பூமி முழுவதன் எடைக்குச் சமம். தடிமனோ புரோட்டானைவிடக் கோடிக்கோடி மடங்கு குறைவு. கேட்கும்போது விபரீதமாக இருந்தாலும் எண்கள் பொருந்தின. 1992இல் கோபி செயற்கைக்கோள் ஆதி ஒளியின் எச்சமான நுண்ணலைப் பின்னணியில் லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கம் இருப்பதைக் கண்டபோது, இழைகள் கொடுக்க வேண்டிய அளவும் ஏறக்குறைய அதுதான். அன்றைக்கு இழைக்காரர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1997

அந்த உரைக்குப் பிறகு நான் தேடிப் படித்ததில் என்னை நிறுத்திவைத்தது இந்த வருடம்தான். கதையின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை.

ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட், நீல் டூரோக் என்று இரண்டு பேர். 1985இல் இருவரும் சேர்ந்து இழைகளின் வலைப்பின்னல் எப்படி வளரும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். உலோகத்தில் டிஸ்லொகேஷன்கள் சிக்கிக்கொண்டு பெருகுவதுபோல் இழைகளும் பெருகினால், பிரபஞ்சத்தின் எடையையே அவை விழுங்கிவிடும், கொள்கை அன்றைக்கே காலி. அப்படி நடக்கவில்லை. இரண்டு இழைகள் குறுக்கிடும்போது நுனி மாற்றி இணைந்துகொள்கின்றன, வளையங்கள் வெட்டுண்டு கழன்றுபோகின்றன, கழன்றவை ஈர்ப்பலைகளாகக் கரைகின்றன. எந்தக் காலத்தில் பார்த்தாலும் அந்தக் காலத்துப் பிரபஞ்சத்தின் அளவுக்கு ஏற்ற சில இழைகளே மிஞ்சும். இந்தத் துறைக்கு உயிர்கொடுத்த கணக்குகளில் ஒன்று அது. டூரோக் இழைகளோடு நிற்காமல் இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றக் குறைகளையும் கேலக்ஸிகளின் விதையாக முன்வைத்து வாதாடியவர். ஆல்பிரெக்டோ, அதற்கு முன்பு 1982இல், எதிர் முகாமான பெருவீக்கக் கொள்கையின், அதாவது பிரபஞ்சம் பிறந்த உடனே கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அசுர வேகத்தில் விரிந்தது என்னும் கொள்கையின், அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்றை ஸ்டெயின்ஹார்டுடன் எழுதியவர். இரண்டு பக்கமும் கால் பதித்த மனிதர்.

1997இல், சில மாத இடைவெளிக்குள், இரண்டு கட்டுரைகள் வந்தன. பென், செல்ஜாக், டூரோக் எழுதியது ஒன்று. ஆல்பிரெக்ட், பாட்டி, ராபின்சன் எழுதியது இன்னொன்று. இரண்டும் சொன்னது ஒன்றுதான், இது ஒத்துவரவில்லை. கோபி காட்டிய ஏற்ற இறக்கத்துக்குச் சரியாக இழைகளின் எடையை வைத்தால், பெரிய தூரங்களில் கேலக்ஸிகள் திரண்டிருக்க வேண்டிய அளவு நிஜத்தைவிட ரொம்பக் குறைந்துபோகிறது. அதைவிட முக்கியம், நுண்ணலைப் பின்னணியில் ஒரு பாகை அளவில் எழ வேண்டிய கூர்மையான உச்சங்கள் குறைகளின் கணக்கில் எழவே இல்லை.

ஏன் எழவில்லை என்பதைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஆதிப் பிரபஞ்சத்தில் ஒளியும் பொருளும் கலந்த கூழில் ஒலியலைகள் ஓடின. பெருவீக்கக் கொள்கைப்படி மேடு பள்ளங்கள் ஆரம்பத்திலேயே விழுந்துவிட்டன, அதன்பின் யாரும் தட்டவில்லை. அதனால் ஒரே நீளமுள்ள அலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆடத் தொடங்கி ஒரே தாளத்தில் ஆடின. ஒளி பிரிந்து வெளியேறிய கணத்தில் சில நீளங்கள் சரியாக உச்சத்தில் இருந்தன, சில அடியில். அதுதான் வரிசையாக உச்சங்களாகத் தெரியும். இழைகள் அப்படி ஒருதரம் தட்டிவிட்டு ஒதுங்குகிறவை அல்ல. அவை கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் அசைந்துகொண்டு, குறுக்கிட்டு, கழன்று, எல்லாக் காலத்திலும் கூழைக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு அலையும் வெவ்வேறு நேரத்தில் தட்டப்படுகிறது. தாளம் குலைகிறது. உச்சங்கள் ஒன்றோடொன்று கரைந்து ஒரே மழுங்கலான மேடாகிவிடும். கவனித்தீர்களா, 1985இல் இழைகளைக் காப்பாற்றிய அதே குணம், ஓயாமல் அசைந்து கழன்றுகொண்டே இருக்கும் குணம், 1997இல் அவற்றுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. இந்த இடத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு வருடம் ஒரு யோசனையை வளர்த்தவர்கள், தாங்கள் எழுதிய கணக்கை அது இட்டுச்சென்ற இடம்வரை விடாமல் பின்தொடர்ந்து, அங்கே கண்டதை அப்படியே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். அப்போது வானத்திலிருந்து தெளிவான தரவுகூட முழுதாக வந்து சேரவில்லை. அன்டார்டிகாவுக்கு மேலே பலூனில் பறந்த பூமராங் கருவியின் முடிவுகள் 2000இல்தான் வந்தன, ஒரு பாகை அளவில் கூர்மையான உச்சம். அதன்பின் டபிள்யூமேப், 2013இல் பிளாங்க் என்று செயற்கைக்கோள்கள், வரிசையாக உச்சம் மேல் உச்சம். நுண்ணலைப் பின்னணியின் ஏற்ற இறக்கத்தில் இழைகளின் பங்கு, இருந்தாலும், சில சதவீதத்தைத் தாண்டாது என்று பிளாங்க் முடித்துவைத்தது.

கண்ணால் பார்ப்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன். 2003இல் சாஜின் குழுவினர் நேப்பிள்ஸின் கபோடிமோன்டே வானாய்வகப் படங்களில், பக்கத்துப் பக்கத்தில் அச்சாக ஒரே மாதிரி இரண்டு கேலக்ஸிகளைக் கண்டார்கள். பிரிவு இரண்டு விகலைக்குள் (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை). இரண்டும் ஒரே தூரம், ஒரே நிறமாலை. இழை இரண்டாகக் காட்டும் ஒற்றைக் கேலக்ஸிக்கு என்னென்ன அடையாளம் வேண்டுமோ அத்தனையும் இருந்தன. 2006இல் ஹப்பிள் தொலைநோக்கி கூர்ந்து பார்த்தபோது அவை உண்மையிலேயே இரண்டு கேலக்ஸிகள், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும் ஜோடி. பார்த்தது ஏமாற்றியது, பார்க்காமல் போட்ட கணக்கு ஏமாற்றவில்லை. அந்த மாணவிக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். இழைகளைப் பார்க்காததால் கைவிடவில்லை அம்மா, அவை இருந்தால் வானம் எப்படி இருக்கும் என்று ஒழுங்காகச் சொல்ல முடிந்ததால்தான், வானம் அப்படி இல்லை என்று கண்டுபிடிக்க முடிந்தது என்று.

அப்புறம், டிஸ்லொகேஷன் ஏன் தப்பியது, இழை ஏன் தப்பவில்லை? என் எண்ணத்தில், ஃப்ரென்கெலின் அந்தப் பத்தாயிரம் மடங்குதான் காரணம். அவ்வளவு பெரிய இடைவெளியை நிரப்ப வேறு நல்ல போட்டியாளர் யாரும் உலோகவியலில் இல்லை. வளையும் கம்பி, இறுகும் கம்பி, சுருள் படிகள், வெள்ளீய இழைகள் என்று சம்பந்தமில்லாத நாலு திசையிலிருந்தும் அதே கோடு தேவைப்பட்டது. வானத்திலோ கேலக்ஸிகளின் விதைக்கு இன்னொரு விளக்கம் பக்கத்திலேயே இருந்தது, அது உச்சங்களையும் சேர்த்துச் சொன்னது.

கிபிளின் அடிப்படை யோசனை மட்டும் சாகவில்லை, இதையும் அந்தப் பேச்சாளர் விட்டுவிட்டார். கலந்துகொள்ள நேரமில்லாமல் குளிரும் எந்தப் பொருளிலும் குறைகள் மாட்டிக்கொள்ளும் என்பதைத் திரவ ஹீலியத்தில் சோதிக்கலாம் என்று சூரெக் 1985இல் சொன்னார். 1996இல் ஹெல்சின்கியிலும் கிரனோபிளிலும், மீப்பாய்மமாக, அதாவது உராய்வில்லாமல் ஓடும் திரவமாக, குளிர்ந்த ஹீலியம்-3 மீது நியூட்ரானைச் செலுத்தி ஒரு சிறு இடத்தைச் சுடவைத்து, அது மறுபடி குளிரும்போது சுழல்கோடுகள் பிறப்பதை அளந்தார்கள். இன்று கிபிள்–சூரெக் என்ற இணைப்பெயர் திரவப் படிகத்திலிருந்து குளிரூட்டிய அணுக்கூட்டம் வரை எங்கும் வருகிறது. கிபிள் 2016இல் இறந்தார், இதில் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டுத்தான்.

இழைகளும் முழுதாகப் போய்விடவில்லை. கேலக்ஸிக்கு விதையாக முடியாத, எடை குறைந்த இழைகள் இருக்கலாம். 2023 ஜூனில், பல்சார்கள் என்னும் சீராகத் துடிக்கும் விண்மீன்களின் துடிப்பைப் பல வருடம் அளந்த நானோகிராவ் குழுவும், நம் நாட்டவரும் பங்குபெற்ற ஐரோப்பிய-இந்தியக் குழுவும் மற்றவர்களும், பிரபஞ்சம் முழுக்க ஈர்ப்பலைகளின் மெல்லிய இரைச்சல் இருப்பதற்கான சான்றை வெளியிட்டார்கள். ராட்சதக் கருந்துளை ஜோடிகள்தான் முதல் விளக்கம், இழை வளையங்களின் கரைதலும் விளக்கங்களின் பட்டியலில் இருக்கிறது. சாதாரண இழைகள் தரவோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை, ஆனால் அவற்றின் எடைக்கு ஓர் உச்சவரம்பு கிடைத்தது. அது 1980களில் கேட்ட எடையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் அருகில். அப்படிப்பட்ட இழையை பூமியைச் சுற்றி ஒருமுறை கட்டினால் அதன் எடையும் பூமியின் எடையும் ஏறக்குறைய சமமாக இருக்கும். இதற்கும் கீழே தேட விண்வெளியில் மூன்று கலங்களை வைத்து லிசா என்ற ஈர்ப்பலைக் கருவியை ஐரோப்பிய விண்வெளி முகமை 2030களின் நடுவில் அனுப்பப்போகிறது, இன்னும் ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு எடை குறைந்த இழைகளின் ஈர்ப்பலைகூட அதன் எட்டுக்குள் வரும் என்கிறார்கள்.